கடல் வற்றியது

பாடநூல் அதற்கு ஒன்றரைப் பக்கம் ஒதுக்கியிருந்தது.
பாதிப் பக்கம் படம்:
மணலில் சாய்ந்து நிற்கும் கப்பல்,
அதன் நிழலில் ஓர் ஒட்டகம்.

நியூ சவுத் வேல்ஸின் வீ வா ஊரில்,
மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய ஐந்தாம் பீரியடில்,
ஏசி நடுங்கிக்கொண்டிருந்த அறையில்
பலகையில் எழுதினேன்: கரகல்பக்ஸ்தான்.
இருபத்திரண்டு வாய்கள் அதில் தடுக்கி விழுந்தன.
மூன்று வருடமாக என் கோமதிநாயகியை
'மிஸ் கோ' என்று வெட்டிவைத்திருப்பவர்கள்
வெள்ளிக்கிழமைக்குள் அதைப் பிசகாமல் சொன்னார்கள்.
கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

நானும் அங்கே போனதில்லை.
முதலிலேயே சொல்லிவிட்டேன்.
சொல்லாமல் விட்டது:
ஆரல் என்பது என் மொழியில் ஒரு மீன்,
சேற்றில் வழுக்கும், குழம்புக்கு ருசி.
மீனின் பெயர் வைத்திருக்கும் கடலில் மீன் இல்லை
என்பதை எப்படி விளக்க?
வரைபடத்தை விரித்தேன்.

இரண்டு ஆறுகள். மாஸ்கோவில் ஒரு மேசை.
மேசைமேல் ஒரு கோடு, கோட்டின் நுனியில் பருத்தி.
இலையுதிர் காலத்தில் பள்ளிகளைப் பூட்டி
உங்கள் வயதுப் பிள்ளைகளை
வயலுக்கு ஏற்றிச் சென்ற லாரிகள்.
"மெஷின் கிடையாதா?" என்றான் ரைலி.
ஜன்னலுக்கு வெளியே சாலையோரமெல்லாம்
மஞ்சள் பிளாஸ்டிக் சுற்றிய பருத்தி உருளைகள்.
அந்தப் பக்கம் பார்க்காமலிருக்கப் பாடுபட்டேன்.

கடல் வற்றியது, என்றது பாடநூல்.
அடிக்கோடிட்டு, எழுவாய் எது என்றேன்.
கடல், என்றார்கள்.
அப்படியானால் கடல்தான் குற்றவாளி.

எனக்கு எட்டாம் வகுப்பில்
இரண்டு பெட்டி வரைந்து காட்டினார்கள்:
வருந்தினான், வருத்தினான்.
திருந்தினான், திருத்தினான்.
ஒரு மெல்லினம் வல்லினமாகும் இடத்தில்
அரசியல் முழுதும் உட்கார்ந்திருக்கிறது என்று
யாரும் அன்று சொல்லவில்லை.
வற்றியதற்கு அப்படி ஓர் இணையும் இல்லை.
'வை' ஒட்ட வேண்டும். வற்றவைத்தார்கள்.
ஒட்டியதும் ஓர் ஆள் வந்து நிற்பான்.

டானிகா கையைத் தூக்காமலே பேசினாள்.
அவள் ஆட்கள் கமிலராய், அவள் ஆறு நமோய்.
"கீழே டார்லிங்கில் மீன்கள் வெள்ளையாக மிதந்த கோடையில்
என் மாமா மூக்கில் துணி கட்டிக்கொண்டு அள்ளினார்.
டிவியிலும் இப்படித்தான் சொன்னார்கள், மிஸ்.
மீன்கள் செத்தன."

வகுப்பு ஆங்கஸைப் பார்த்தது.
அவன் அப்பாவிடம் நான்கு பம்புகள்.
பள்ளி மைதானத்து ஸ்கோர்போர்டும் அவர் வாங்கிக் கொடுத்ததுதான்.
காது சிவக்க, "எங்களிடம் லைசென்ஸ் இருக்கிறது" என்றான்.
"அங்கேயும் இருந்தது" என்றேன்.
சொல்லியிருக்கக் கூடாது.
அது பாடமா, அறையா, இன்றுவரை தெரியவில்லை.
மணி அடித்தது.

பெற்றோர் சந்திப்புக்கு அவன் அப்பா வந்தார்,
தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு.
நாலு வாக்கியம் தயாராக வைத்திருந்தேன்.
அவர் கேட்டது: "அந்தக் கடல் திரும்பி வருமா?"
வடக்கில் ஒரு துண்டு வந்திருக்கிறது,
அணை கட்டி மறித்தார்கள், என்றேன்.
"தெற்கே?"
உப்பு.
நீளமாகத் தலையாட்டினார்,
அணை என்றால் என்னவென்று தெரிந்தவர் ஆட்டுவதுபோல்.

தேர்வில் கடைசிக் கேள்வி:
ஆரல் கடல் வற்றியதற்கு மூன்று காரணங்களை விளக்குக.
(கேள்வித்தாளிலும் 'வற்றியது' என்றே போட்டிருக்கிறேன்,
இப்போதுதான் கவனிக்கிறேன்.)
ஆங்கஸ் கரகல்பக்ஸ்தானைப் பிழையில்லாமல் எழுதியிருந்தான்.
காரணம் ஒன்றுகூட இல்லை.
ஸ்கேல் வைத்து ஓர் அட்டவணை:
நான்கு பம்புகள், ஒவ்வொன்றும் நாளைக்கு எத்தனை மெகாலிட்டர்,
எந்த மாதம் ஓடும், எந்த மாதம் நிற்கும்.
கடைசிப் பத்திக்குத் தலைப்பு, 'ஆற்றில் மிச்சம்'.
கட்டங்கள் எல்லாம் காலி.

கேள்விக்குப் பொருந்தாத விடை.
விதிப்படி சுழியம்.
திங்கள் காலைக்குள் மதிப்பெண் ஏற்ற வேண்டும்.