இறக்கிவைத்தல்

பதூமி துறைமுகத்தில்
இருபது டன் பெட்டியைக்
கப்பலின் வயிற்றிலிருந்து தூக்கி
லாரியின் முதுகில் வைக்க
எனக்கு நான்கு நிமிடம்.

தெக்லேவுக்கு
ஒரு கமலாப்பழத்தைக் கிண்ணத்தில் போட
இன்று பதினொன்று.

வலக்கைக்கு மாவுக்கட்டு.
முறிவு ஒன்றுமில்லை;
எல்லாவற்றுக்கும் முந்திக்கொள்ளும் கை,
மூன்று வாரம் சும்மா கிடக்கட்டும் என்று
மாக்வாலா கட்டிவிட்டாள்.
அண்ணன்காரன் அதற்கு மீசை வரைந்திருக்கிறான்.

இடக்கை பிடித்துவிடும்.
பிடித்தால் உடும்புப்பிடி.
விடுவதுதான் வரவில்லை.
"விடு, விடு" என்று நான் சொல்லச் சொல்ல
விரல்கள் இன்னும் இறுகி
தோல் கிழிந்து
சாறு முழங்கைவரை வழிந்தது.

"கோச்சா, நீங்கள் கொஞ்சம்
வாயை மூடுங்கள்.
அவசரப்படுத்தினால் அந்தக் கையும் மூடிக்கொள்ளும்."

எனக்குத் தெரியாதா?
காற்றடிக்கும் நாளில்
பெட்டி ஆடி ஓயும்வரை
கொக்கியைக் கழற்றமாட்டோம்,
கீழே நிற்பவன் என்ன கத்தினாலும்.

இரவில் இதே கை
என் சட்டைக் காலரைப் பற்றியபடி தூங்கும்.
ஒவ்வொரு விரலாக நான்தான் பிரித்தெடுப்பேன்.
அதற்கு யாரும்
பயிற்சி என்று பெயர் வைக்கவில்லை.

ஜன்னலில் மழை.
பதூமியில் அது செய்தியல்ல.

மணிக்கட்டு தாழ்ந்தது.
சுண்டுவிரல் முதலில்.
பிறகு நடுவில் இருப்பவை, எது முன்னே என்று பார்க்கத் தவறினேன்.
கட்டைவிரல் கடைசியில்,
மனமே இல்லாமல்.

கிண்ணத்தில் விழவில்லை.
விளிம்பில் பட்டு
மேசைக்கடியில் உருண்டது.
நானும் மாக்வாலாவும்
மண்டியிட்டுத் துழாவிக்கொண்டிருக்க
மேலிருந்து அதட்டல்:

"அடுத்தது எங்கே?"