கைக்க முதல்

பால் விட்ட பப்பாசி காத்திராது.
கால் மணித்தியாலம், கூடினால் அரை.
பிறகு நாக்கின் அடியில்
ஒரு கைப்பு எழும்பும்.
ஒருவரும் சொல்லித்தரவில்லை இதை.
போன வருசம் ஒரு போத்தல் நிறைய அடித்து
பிறிச்சில் வைத்துப் பழுதாக்கிப் படித்தேன்.

இன்றைக்கு ஒன்பது மணிக்கே
நில அளவைக்காரர் வந்துவிட்டார்.
தவநீதன் என்று பெயர், முழுக்கைச் சட்டை.
முக்காலியை நட்ட இடத்தில்
உரும்பிராய்ச் செம்மண் அவர் சப்பாத்தைப் பிடித்துக்கொண்டது.
கிழக்கு எல்லைதான் பிரச்சினை.
கிளுவைக் கதியால் நின்ற காலத்தில்
வருசத்துக்கு ஒரு சாண் நடந்ததாம் வேலி.
எங்கள் பக்கம் நடந்தது என்று நாங்கள்,
தங்கள் பக்கம் என்று குலவீரசிங்கத்தார்.
மூன்று வருசமாய்ப் பேச்சில்லை.
இப்போது கதியாலும் இல்லை.
காகமோ அணிலோ போட்ட விதையில் முளைத்து
நடுவில் நிற்கிறது ஒரு பப்பாசி.

நாலு நாளைக்கு முன் அதில் ஒன்றைப் பிடுங்கி
பேப்பரில் சுற்றி
மா வாளிக்குப் பின்னால் வைத்தேன்.
ஒளித்தேன் என்றுதான் சொல்லவேண்டும்.

தோலைத் தடிப்பாய்ச் சீவினேன்.
பச்சை கொஞ்சம் ஒட்டினாலும் மணம் மாறிவிடும்.
நெடுக்காகப் பிளக்க,
தவளை முட்டைபோல் வழுவழுத்த விதைகள்.
கரண்டியால் வழித்தாலும்
ஒன்றிரண்டு எப்போதும் கைதப்பி
அடுப்புக்குக் கீழே போய்விடும்.
துண்டுகளைப் பிளெண்டரில் போட்டு
கரைத்து ஆறவிட்ட பால்மா, சீனி,
ஒரு சிட்டிகை உப்பு.
தேசிக்காயைக் கையில் எடுத்துவிட்டு வைத்தேன்.
பாலும் புளியும் ஒரு கோப்பைக்குள் இருக்காது.

பிளெண்டர் இரைந்தபோது
முற்றத்தில் யார் என்ன சொன்னார்கள் என்று கேட்கவில்லை.
நிறுத்தினேன்.
முற்றமும் நின்றிருந்தது.

ஒரு அடி நாலு அங்குலம்.
மரம் அவர்கள் பக்கம்.
என்ர மனுசன் உறுதியை மடித்தார், விரித்தார்,
திரும்பவும் மடித்தார்,
மடிப்புக்குள் அந்த நாலு அங்குலம் இருப்பதுபோல.

என்னிடம் தட்டில் நாலு கிளாஸ்.
இந்த நிமிசத்தில் இருந்து
அதுக்குள் இருப்பது அவருடைய பழம்.
ஊற்றியாகிவிட்டது, என்ன செய்ய?
கொண்டுபோய் நீட்டினேன்.
தவநீதன் ஒரே மூச்சில் குடித்துவிட்டு
வாயைத் துடைத்துக்கொண்டு நாடாவைச் சுருட்டினார்.

குலவீரசிங்கத்தார் கிளாஸை வாங்கவும்
அவருடைய போன் அடித்தது.
டொரொன்டோவில் இருந்து தமையன்.
அங்கே நடுச்சாமம், முடிவு தெரியாமல் படுக்கவில்லை.
ஒரு கையில் போன், மறு கையில் கிளாஸ்,
எங்கள் முற்றத்தில் இருந்து தன் முற்றத்துக்கும்
அங்கிருந்து இங்கேயும் நடந்து நடந்து கதைத்தார்.
புதுக் கோட்டை எத்தனை தரம் தாண்டினார்
என்று எண்ணத் தொடங்கி விட்டுவிட்டேன்.
நான் பார்த்தது கிளாஸை.
பத்து நிமிசம். இருபது.
நுரை அடங்கி, நிறம் கொஞ்சம் இறுகி...

மூன்று வருசமாய் அவருக்குச் சொல்ல
எவ்வளவோ அடுக்கி வைத்திருந்தேன்.
எல்லாம் காரமானவை.
வாயில் வந்தது,
"கைக்கப்போகுது, குடிச்சிட்டுக் கதையுங்கோ."
பொறுங்கோ என்று கையைக் காட்டினார்.
தமையன் விடவில்லை.

நான் குசினிக்குள் போய்
பிளெண்டர் அடியில் கிடந்ததை நக்கிப் பார்த்தேன்.
நல்ல கைப்பு.

திரும்பி வரும்போது
அவர் அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தார்.
கடைசிச் சொட்டு வரை.
முகத்தில் ஒரு சுழிப்பும் இல்லை.
"நல்லாயிருக்கு" என்றார்.

கிளாஸைத் தட்டில் வைத்துவிட்டு
மரத்தை நிமிர்ந்து பார்த்தார்.
"இன்னும் ரெண்டு பழுக்கப்போகுது, கண்டனீங்களோ?"
அது கணக்கா, வேறு எதுவுமா
என்று பிடிபடவில்லை.

"மூண்டு" என்றேன்.
"ஒண்டு இலைக்குப் பின்னால."