பெட்டிக்குப் பெயர் எழுதுதல்

கறுப்பு டிரங்குப் பெட்டி, ஒன்று.
மூடிமேல் வெள்ளை எழுத்தில் பெயர்.
சேர்க்கைக் கடிதத்தில் அப்படித்தான் இருக்கிறது.
இராயக்கோட்டையில் வெள்ளை எழுத்துக்கு
ஒரே ஆள் சிக்கண்ணன்,
மண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து
தக்காளிப் பெட்டிகளுக்குக் குறி போடுகிறவர்.

"யாருக்கு, தம்பிக்கா?" என்றார்.
எனக்கு என்றேன்.
பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் அலசியபடி
கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.
பிறகு, "இனிஷியல் முன்னாலயா, பின்னாலயா?"

இந்த மூன்று மாதத்தில் கேட்கப்பட்டதில்
எனக்குப் பதில் தெரிந்த கேள்வி அது ஒன்றுதான்.

மற்றவர்கள் ஏன் என்றுதான் கேட்டார்கள்.
பிசிக்ஸ் டீச்சர் ஐந்நூற்று அறுபத்தெட்டைச் சொல்லிச் சொல்லி
கவுன்சிலிங் தேதியை என் உள்ளங்கையிலேயே எழுதினார்.
"ஓசூர் கம்பெனிக்கு பஸ் வாசலுக்கே வருதே" என்ற அம்மா
அதற்குமேல் கேட்காமல்
என் ஷூவைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள்,
கோபமாக.

பெங்களூரில் ஐந்தாம் நாள்
மேசைக்கு அந்தப் பக்கமிருந்தும் அதே கேள்வி.
நாட்டுக்குச் சேவை, என்றேன்.
சரி, என்றார். அது தவிர?

தவிர,
பத்தாவது படிக்கும்போது ஒரு புதன்கிழமை
அப்பா நாற்பது பெட்டி ஏற்றிக்கொண்டு போனார்.
காலையில் பேசின விலை மத்தியானம் பாதி,
சாயங்காலம் வண்டி வாடகைக்கே காணவில்லை.
பாலக்கோடு ரோட்டோரம் கொட்டிவிட்டு வந்தார்.
மாடுகள் மோந்து பார்த்துவிட்டு நகர்ந்தன.
மறுநாள் விடியுமுன் கோட்டை மலைக்கு ஓடினேன்.
நேற்று எத்தனை படியோ இன்றும் அத்தனை படி.
என் மூச்சுதான் முன்னே பின்னே இருந்தது,
அது என் கையில்.

இதை எந்த மொழியில் சொன்னேனோ.
அவர் எதையும் எழுதிக்கொள்ளவில்லை.

மெடிக்கலில் வாயைத் திறக்கச் சொன்னவர்
டார்ச்சை அணைக்காமலே கேட்டார்:
"தர்மபுரியா, கிருஷ்ணகிரியா?"
பல்லில் மஞ்சள் கோடு,
எங்கள் போர்த் தண்ணீர் எழுதிவிட்ட முகவரி.
எண்ணினார். போதும் என்றார்.
அடுத்த அறையில் அஸ்வினிக்கு
முழங்கால் இரண்டும் உரசுகிறது என்று
போதாது என்றார்கள்.
காவேரிப்பட்டணத்துக்காரி,
எந்த மைதானத்திலும் எனக்குப் பத்து நொடி முன்னால் போகிறவள்.
பஸ்ஸில் அவள் தூங்குவதுபோல நடித்தாள்.
நான் சந்தோஷமில்லாததுபோல.

எனக்கு நீச்சல் தெரியாது.
பத்து மீட்டர் பலகையிலிருந்து குதிக்க வேண்டுமாம்.
நான் பார்த்த ஆழமெல்லாம்
சொட்டுநீருக்கு வெட்டின பண்ணைக்குட்டை,
இடுப்பளவு, அடியில் தார்ப்பாய்.
படுத்தால் அந்தப் பலகை வருகிறது,
வயிறு எனக்கு முன்னால் குதித்துவிடுகிறது.
யாரிடமும் சொல்லவில்லை இன்னும்.

சிக்கண்ணனுக்கு இங்கிலீஷ் தெரியாது.
என் பெயரைப் படம்போல வரைந்தார்,
கோணாமல்.
பிரஷ்ஷில் மீந்த பெயிண்டோடு
கேட்காமலே மூடியைத் திறந்து
உள்பக்கம் இரண்டு கோடு, ஒரு சுழி.
அப்பாவின் தக்காளிப் பெட்டிக் குறி.
"இது எதுக்கு?"
"மண்டியில பெட்டி மாறிப் போனா
இதப் பாத்துத்தான் திருப்பி அனுப்புவோம்."

ஐம்பது ரூபாய்க்குப் பத்து மீதி கொடுத்தார்.
அப்பா டிவிஎஸ்ஸை மெதுவாக ஓட்டினார்.
பெயிண்ட் ஒட்டிக்கொள்ளும் என்று
வீடு வரைக்கும் மூடியைத் தூக்கிப் பிடித்தபடி
பின்னால் உட்கார்ந்திருந்தேன்.
காலிப் பெட்டிக்குள் காற்று,
கொஞ்சம் மண்டித் தூசி.
கை வலித்தது.
மாற்றிப் பிடித்துக்கொண்டேன்.