இரண்டரை டன்

தகட்டில் எழுதியிருக்கிறது: இரண்டாயிரத்து ஐந்நூறு.
பெயின்ட் உரிந்துபோய் அந்த ஐந்து
எட்டைப் போலத் தெரியும், ஆசைப்பட்டுப் பார்த்தால்.
ஊர் வாட்சோ. நார்வேயின் கிழக்கு விளிம்பு.
வெளியே மைனஸ் பதினெட்டு.
பட்டறை என் பேரில். கடனும் என் பேரில்.

முன்பெல்லாம் பெட்ரோல் கார்கள்.
ஆயிரத்து இருநூறு, மிஞ்சினால் ஆயிரத்து ஐந்நூறு.
லிஃப்ட் ஒரு முனகலும் இல்லாமல் தூக்கும்.
இப்போது வருவதெல்லாம் பேட்டரி.
பூனை மாதிரி உள்ளே நுழையும்;
தூக்கிப் பார்த்தால்தான் தெரியும்
அது விழுங்கியிருப்பது யானையை என்று.

செவ்வாய்க்கிழமை ஆஸ்லாக் வந்தார்.
பதிவுச் சீட்டில் வண்டி இரண்டாயிரத்து நானூற்றுப் பத்து.
பின்னால் அடுக்கியிருந்த துருவமான் தீவனம்
எந்தச் சீட்டிலும் இல்லை.
"மூட்டையை இறக்கிவிடலாமே."
"இறக்கினால் நனையும்."
நான் காப்பி போடப் போன நேரம்
ஹெய்க்கி பொத்தானை அமுக்கிவிட்டான்.

திரும்பினால் வண்டி அவன் தலைக்கு மேலே.
அவன் வாயில் டார்ச், கையில் பதினேழாம் நம்பர் ஸ்பானர்.
இடது தூண்
ஒரு சொல் சொன்னது.
ஒரே ஒரு சொல். இரும்பு சொல்லக் கூடாத சொல்.
கத்தவில்லை நான்;
கத்தலின் எடையும் சேர்ந்துவிடுமோ என்று பயம்.
"ஹெய்க்கி, காப்பி ஆறுது" என்றேன்.
வந்தான்.
அப்புறம் கத்தினேன்.

அன்று இரவு கணக்கு.
ஐந்து டன் லிஃப்ட் ஒன்றரை லட்சம் குரோன்.
தரை பதினொரு சென்டிமீட்டர்தான்; புதியது கேட்பது இருபது.
ஆக, தரையை உடைக்க வேண்டும்.
தரைக்குள்ளே ஓடுகிறது வெந்நீர்க் குழாய்.
அது இருப்பதால்தான் வண்டிகளின் பனி உருகி வடிகிறது,
அது இருப்பதால்தான் ஹெய்க்கி மல்லாந்து படுத்து
விசில் அடிக்கிறான்.
குழாய் எங்கே வளைகிறது என்று வரைபடம் கிடையாது.
பதித்த ஆள் ஸ்பெயினில் வெயில் காய்கிறான்,
ஃபோனை எடுப்பதில்லை.

கனத்த வண்டிகளை வேண்டாம் என்று சொல்லலாம்.
அப்படியென்றால் பாதி ஊரை வேண்டாம் என்று சொல்வது.
கிர்கெனெஸ் போகட்டும் அவர்கள்,
நூற்றெழுபது கிலோமீட்டர், காற்றில், இருட்டில்.
போவார்கள். போனவர்கள்
எண்ணெய் மாற்றவும் அங்கேயே பழகிவிடுவார்கள்.

ஒரு மணிக்கு எழுதினேன்: வேண்டாம்.
இரண்டு மணிக்கு அடித்தேன்.
மூன்று மணிக்கு, அடித்ததற்கு மேலேயே, வேண்டாம்.

வியாழன் காலை ட்ரொண்ட்ஹைமிலிருந்து
விற்பனைக்காரர் ஸ்வெர்ரே வந்திறங்கினார்,
இந்த ஊர்ப் பனிக்கு ஆகாத பளபள ஷூவோடு.
வேண்டாம் என்றேன்.
"வந்தது வந்துவிட்டேன், டோருன். வலது தூண் பக்கம்
தரை தடிமனாக இருக்கலாம்.
ஒரே ஒரு துளை."

ட்ரில் இறங்கியது.
நாலு. ஏழு. ஒன்பது.
பிறகு தரை மூச்சு விட்டது;
முழங்கால் உயரத்துக்கு ஒரு வெந்நீர் ஊற்று,
ஆவியோடு, அவசரமே இல்லாமல்.
ஹெய்க்கி கட்டைவிரலால் அடைத்தான்.
ஸ்வெர்ரே கேட்லாகை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு
ஒரு காலைத் தூக்கி நின்றார்.
பாய்லரின் முள் மெல்ல மெல்லச் சாய்ந்தது.

யாரும் பேசவில்லை.
தரையை இனி உடைத்துத்தான் ஆக வேண்டும்,
லிஃப்ட் மாற்றினாலும், மாற்றாவிட்டாலும்.
மூன்று இரவாக நான் தேடிய பதில்
என் சாக்ஸுக்குள் வெதுவெதுப்பாக ஏறிக்கொண்டிருந்தது.

"தூண் உங்களுடையது, தரை என்னுடையது" என்றேன்.
"துளை யாருடையது?"
ஸ்வெர்ரே ஷூவைப் பார்த்தார்.
விலையில் இருபதாயிரம் குறைந்தது.
ஹெய்க்கி, விரலை எடுக்காமலே,
"இருபத்தைந்து" என்றான்.

மாலையில் ஆஸ்லாக்கைக் கூப்பிட்டேன்.
"வண்டி எப்போ கொண்டு வரலாம்?"
"கான்கிரீட் இறுக இருபத்தெட்டு நாள்."
"அப்புறம் தீவனத்தோடேயே தூக்குவீர்களா?"
தூக்கலாம். ஐந்து டன்.
ஆனாலும் வாயில் வந்தது,
"மூட்டையை இறக்கிவிட்டு வாங்க."