அடிமாட்டு விலை

ப்ர்னோ டிராம் பணிமனையில் எனக்கு இரவு வேலை.
திரையில் பச்சைப் புள்ளிகள் நகர்வதைப் பார்க்கவேண்டும்.
ஏதாவது ஒன்று நின்றுவிட்டால் ஓட்டுநருக்குப் போன் செய்யவேண்டும்.
பெரும்பாலும் நிற்பதில்லை.

பக்கத்தில் என் சொந்த லேப்டாப்.
அதில் நான் எழுதிய நூற்றுப்பத்து வரி.
உலகின் ஏதோ ஒரு மூலையில்
டிக்கெட் இல்லாத மைதானத்தில்
இரண்டு பெண்கள் பந்தடித்துக்கொண்டிருப்பார்கள்.
ஒருத்தி பெயரில் ஒரு சீட்டு:
ஜெயித்தால் ஒரு டாலர், தோற்றால் சைபர்.
சந்தை அறுபது சென்ட் என்னும்.
என் வரிகள் நாற்பத்தெட்டு என்று எழுதிவைத்துக்
கையைக் கட்டிக்கொள்ளும்.
ஒவ்வொரு புள்ளிக்கும் அழித்து, மறுபடி எழுதும்.
ஐந்தில் ஒரு பங்கு தள்ளுபடி.
அதற்கு மேலே பேச்சில்லை.

யார் உனக்கு அப்படி விற்பார்கள் என்றான் போஹுமிர்.
பயந்தவன் என்றேன். குடித்தவன்.
முதல் செட் போனதும்
குடியே முழுகியதாக நினைப்பவன்.
‘பயமே இல்லாதவன் விற்றால்?’
கேட்டுவிட்டு அவன் காபி எடுக்கப் போனான்.

வசந்தத்தில் இருநூறு டாலர் வந்தது.
குளியலறைக் குழாயை மாற்றினேன்.

ஜூனில் ஒரு விடுமுறை நாள்.
புரோஸ்தேயோவுக்கு பஸ் பிடித்தேன்.
ஸ்லாவ்கா ஹ்ருஷ்கோவா ஆடுகிறாள்.
அவள் சீட்டை என் வரிகள் மூன்று முறை வாங்கியிருக்கின்றன,
முகத்தை நான் அன்றுதான் பார்த்தேன்.
இடைவேளையில் ஜாம் பாட்டிலிலிருந்து
குளிர்ந்த சோறு தின்றாள், ஸ்பூனை நக்கி
சாக்ஸுக்குள் செருகிக்கொண்டாள்.

மூன்றாவது செட். நான்கு–இரண்டு. நாற்பது–முப்பது.
இடப்பக்கம் சறுக்கிப்போய் ஒரு பந்தை எடுத்தாள்.
பந்து கோட்டில் விழுந்தது.
எதிரி வலையில் அடித்தாள்.
ஐந்து–இரண்டு.

செம்மண்ணில் அவள் ஷூ மட்டும்
வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

எனக்கு இரண்டு வரிசை முன்னால் தொப்பி போட்ட ஒருவன்.
அவன் பந்தைப் பார்க்கவில்லை, கைதட்டவில்லை.
கட்டைவிரல் மட்டும் அசைந்தது.
என் பாக்கெட்டில் போன் துடித்தது.

ஸ்கோர் பலகைக்குக் கணுக்கால் தெரியாது.
ஐந்து–இரண்டு என்றால் தொண்ணூற்றைந்து சென்ட்.
என் வரிகள் சந்தோஷமாக எழுபத்தாறு என்று எழுதின.
கிடைத்தது.
மறுபடி எழுதின. அறுபத்தொன்றுக்கே கிடைத்தது.
நாற்பத்துநான்குக்கு, முப்பதுக்கு,
வாரி வாரி எடுத்தன,
மூட்டை கட்டுகிற கடைசிநேரக் கடைக்காரனிடம்போல.

அடிமாட்டு விலை என்கிறோம்.
மாடு நொண்டுவதைப் பார்த்தவன்தான்
அந்த விலைக்குத் தள்ளிவிடுவான்.
கேட்டதுமே கொடுத்தானே,
அப்போதே யோசித்திருக்கவேண்டும்.

நிறுத்துவதற்கு ஒரு பொத்தான் இருக்கிறது.
விரல் அதன்மேல் போனபோது அவள் எழுந்தாள்.
மருந்து ஸ்ப்ரே வாடை என் வரிசைவரை வந்தது.
குனிந்து கயிற்றை இறுக்கிக் கட்டினாள்.
நான் கைதட்டினேன்.
டென்னிஸுக்காக நான் தட்டியது அதுதான் முதல் தடவை.
காசுக்காகத் தட்டினேன் என்றால் பொய்.
இல்லை என்றாலும்.

எதிரியின் சர்வீஸ். முதல் பந்துக்கு ஓரடி வைத்தாள்.
இரண்டாவது அவளைத் தாண்டிப் போனது,
திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.
மூன்றாவதற்கு நிற்கவில்லை.
வலைக்கு நடந்துபோய் கையை நீட்டினாள்.

சைபர்.

திரும்பும் பஸ்ஸில் தொப்பிக்காரன் என் பக்கத்து சீட்டு.
சாசேஜ் கடித்துக்கொண்டே ‘பாவம், நல்ல ஆட்டக்காரி’ என்றான்.
ஆமாம் என்றேன்.
நிஜமாகவே சொன்னான் என்றுதான் நினைக்கிறேன்.
கடுகு வேண்டுமா என்று கேட்டான்.

அன்றிரவு நூற்றுப்பத்து வரியையும்
மேலிருந்து கீழே படித்தேன்.
கணுக்காலை எழுத ஓர் இடம் தேடினேன்.
கிடைக்கவில்லை.
இருபது என்றிருந்ததை இருபத்தாறு ஆக்கினேன்.
சேமித்தேன்.

செமிலாசோவில் ஒரு புள்ளி நின்றுபோயிருந்தது.
போன் செய்தேன்.
‘ஒன்றுமில்லை’ என்றார் ஓட்டுநர்.
‘தண்டவாளத்தில் ஒருத்தி குனிந்து
ஷூ கயிறு கட்டிக்கொண்டிருக்கிறாள்.
கட்டி முடிக்கட்டும்.’