காற்றில்லாத இடத்துக்கு மூன்றரை மீட்டர்

சாட்டின் வேண்டாம்,
வெளிச்சம் பட்டால் கல்யாண ரிசப்ஷன் ஆகிவிடும்.
வெல்வெட் என்றால் ராஜபார்ட்.
ரெக்சின், நடக்க நடக்க
பஸ் சீட்டு மாதிரி முனகும்.

கும்பகோணம் பெரிய தெருவில் நாலாவது கடை.
சுடிதாரா, பிளவுஸா என்றார் ஜமால்.
விண்வெளி உடை.
எங்கே போட்டுக்கிட்டுப் போறது?
காற்றே இல்லாத இடத்துக்கு.
சாம்பல் நிறக் குடைத்துணியை
உதறி விரித்தார்.
"அப்ப உள்ளே காட்டன் லைனிங் கொடுங்க,
வெந்துரும்."

பதினெட்டாம் நம்பர் ஊசி
மூன்று உடைந்தது முழங்கை மடிப்பில்.
முதுகுப் பெட்டிக்கு
நெல் காயப்போட்ட தார்ப்பாயில்
எலி விட்டுவைத்த மூலை.
மூச்சுக்குழாய், மருந்து தெளிப்பானுடையது.
எத்தனை கழுவியும் வாடை போகாததால்
மூக்குக்கு எட்டாமல் தைத்தேன்.

சித்திரை மத்தியானம். கரண்ட் இல்லை.
கழுத்துவரை ஜிப்பை இழுத்துக்கொண்டு
அரசலாற்றில் இறங்கினேன்.
மேட்டூர் திறக்க இன்னும் நாளிருக்கிறது.
மணலில் அச்சு அச்சாய்க்
காலடி.

ஆட்டை ஓட்டிவந்தவர் கம்பை ஊன்றி நின்றார்.
"எண்ணெய் எடுக்குற கம்பெனியா?
குழாய் பதிக்க அளக்குறியா?"
இல்லீங்க, நான் வேற கிரகம் என்றேன்.
அப்போதுதான் முகம் தெளிந்தது அவருக்கு.
போய்ட்டு வா என்றார்.

கையுறையைக் கழற்றிக் கவிழ்த்தேன்.
அரை மிடறு தண்ணீர்
ஆற்றுக்குள் விழுந்து காணாமல் போனது.

கைக்கும்
லைனிங் கொடுத்திருக்கலாம்.