மதியா, போரா

கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம்
நார் மில்லை ஒட்டிய தகரக் கூரைதான் எங்கள் பகல் மையம்.
பதினோரு பேர் ஃபினாயில் பாட்டிலுக்கு லேபிள் ஒட்டுகிறார்கள்.
திருமூர்த்திக்கு முப்பத்திரண்டு.
ஷைனிக்கு இருபத்தெட்டு,
கொழிஞ்சாம்பாறையிலிருந்து பஸ்ஸில் வருகிறாள்.
அவன் கோணலாக ஒட்டியதையெல்லாம்
அவள் உரித்து நேராக ஒட்டுவாள்.
அப்படித்தான் தொடங்கியிருக்க வேண்டும்.

மஞ்சித்தூள் குவியலுக்குப் பின்னால்
இருவரையும் வாட்ச்மேன் பார்த்தது ஒரு வியாழக்கிழமை.
பார்த்தது இவ்வளவுதான்:
அவள் கை அவன் சட்டைப் பைக்குள் இருந்தது.
மத்தியானச் சாப்பாட்டுக்குள் அது
வேறு கதையாகியிருந்தது.

'கொழந்தையாட்டங்க மிஸ் அவன்' என்றார் அண்ணன்,
தினமும் அவனுக்குச் சவரம் செய்துவிடுபவர்.
ஷைனியின் அம்மா பாலக்காட்டில்
டாக்டரைப் பார்த்துவிட்டே வந்திருந்தாள்.
'கர்ப்பபாத்ரம் எடுத்து களஞ்ஞா எல்லார்க்கும் சமாதானம்.'
அந்த எல்லாரில் ஷைனி உண்டா
என்று கேட்க வாய் வராமல்
தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன்.

வகுப்பு எடுக்கச் சொன்னார்கள்.
முதல் நாள் என்னிடம் சொற்களே இல்லை.
உடம்பின் அந்த இடங்களுக்கு
எனக்குத் தெரிந்தவை பாதி வசவில் வருபவை,
பாதி ஆஸ்பத்திரிச் சீட்டில்.
கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில்
வாய்விட்டுச் சொல்லாததை
எழுதினேன், அழித்தேன், மறுபடி எழுதினேன்.
திருமூர்த்தி ஒவ்வொன்றாகச் சத்தமாக வாசித்தான்,
பஸ் போர்டை வாசிப்பதுபோல்.

தனி இடம் என்று
கதவும் தாழ்ப்பாளும் வரைந்தேன்.
'எங்கூட்ல கதவு ஒண்ணுதானுங் மிஸ்.
அதும் ரோட்டப் பாத்து.'
பயிற்சிக் கையேட்டில் இதற்குப் பதில் இல்லை.

கேட்டுத்தான் தொடணும் என்றேன்.
ஜன்னல் வழியே செக்போஸ்ட்டைக் காட்டினேன்,
நிறுத்தி, கேட்டு, விட்டால்தானே லாரி போகும்?
'அம்பது ரூவா குடுத்தா விட்ருவாங்கல்லங்.'
அன்றைக்கு வகுப்பை அதோடு முடித்தேன்.

சொல்லிக்கொடுத்தது அவள்தான்.
அவன் அவளுடைய ஜடையை
விரலில் சுற்றிக்கொண்டே இருந்தான்.
'மதி' என்றாள். அவனுக்கு அது வெறும் சத்தம்.
'மதி!'
ஃபினாயில் மூடி பறந்து வந்து நெற்றியில் பட்டது.
அவள் வீட்டுப் பேச்சில் மதி என்றால் போதும்.
எங்கள் பழைய ஃபைலில்
இரண்டு பெயர்களுக்கும் நேராக
யாரோ கையால் எழுதிய 'மதி குறைவு'
எனக்கு அப்போது ஞாபகம் வந்தது.
அன்றிலிருந்து அந்தச் சொல்லைக் கேட்டதும்
சூடுபட்டதுபோல் கையை எடுத்துவிடுகிறான்.
மதிக்குக் குறைவில்லாத ஒருவர் என் வீட்டில் இருக்கிறார்.
அவரிடம் இதைச் சொல்லவில்லை.

ஊசி, வளையம், மாத்திரை எல்லாவற்றையும்
நர்ஸ் மேசையில் பரப்பிக் காட்டினாள்.
ஷைனி மாத்திரை அட்டையை எடுத்து
விரல் வைத்து எண்ணினாள்.
இருபத்தெட்டு.
'என் வயசு' என்றாள் அம்மாவிடம்.
அம்மா சிரித்தாளா அழுதாளா, முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.
ஆபரேஷன் தேதி தள்ளிப்போயிருக்கிறது.
ரத்தாகவில்லை.

நாலரை மணி பஸ் ஸ்டாப்.
இப்போதெல்லாம் அவனே கேட்கிறான்: 'மதியா?'
'போரா.'
முதல்முறை பதறி என்னிடம் ஓடிவந்தான்,
'எங்கங் மிஸ் போறா?'
எங்கேயும் போகலை, இன்னும் போதலைன்னு சொல்றா என்றேன்.
அதன்பின் அவன் கேட்கும் கேள்வியில்
பாதி, அந்தப் பதிலுக்காகத்தான்.

இன்றைக்கு கேரளா வண்டி வர நேரமாகிறது.
மழை இல்லை.
குடையை விரித்து
அவர்களுக்கும் ரோட்டுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு
பஸ் வரும் பக்கமே பார்த்து நிற்கிறேன்.